புதன்கிழமை பாக்கி

பக்கத்து அறையில் ஓர் ஆண் அழுதுகொண்டிருந்தார்.

முதலில் அது அழுகை என்றே அவளுக்குப் புரியவில்லை. யாரோ நாற்காலியைத் தரையில் இழுக்கிறார்கள் என்று நினைத்து விடைத்தாள்மேல் குனிந்தபடியே இருந்தாள். மறுபடியும் கேட்டது. அடக்கி அடக்கிப் பார்த்து, அடங்காமல் தொண்டையைப் பிய்த்துக்கொண்டு வந்த சத்தம். சிவப்புப் பேனா அவள் விரல்களுக்கு நடுவில் அப்படியே நின்றுவிட்டது.

மதமும் தத்துவமும் சொல்லிக்கொடுக்கும் அந்தத் துறைக்குக் கல்லூரியில் இரண்டு அறைகள் என்று பலகையில் எழுதியிருக்கும். உண்மையில் ஒரே அறைதான். நடுவில் ஒரு மரப்பலகைத் தடுப்பு, அதுவும் கூரையைத் தொடாமல் ஒரு முழம் முன்னதாகவே நின்றுவிடும். அந்தப் பக்கம் மதம் சொல்லிக்கொடுக்கும் துறைத் தலைவர். இந்தப் பக்கம் தத்துவம் சொல்லிக்கொடுக்கும் இவள். மொத்தம் பதினொரு மாணவர்கள். துறையை எப்போது மூடுவார்கள் என்று ரசாயனத் துறைக்காரர்கள் வருடாவருடம் அன்பாக விசாரிப்பார்கள். காலியாகும் இடத்தில் அலமாரி போட அவர்கள் அளவுகூட எடுத்து வைத்திருப்பதாகக் கேள்வி.

"இதைப் படிங்க சார். எங்க வீட்டுப் பொண்ணு எழுதி வச்சிட்டுப் போனது. உங்க கிளாஸ் நோட்டுலேர்ந்து கிழிச்ச தாள்" என்றது அழுத குரல்.

தாள் பிரிகிற சத்தம். துறைத் தலைவர் தாழ்ந்த குரலில் வாசித்தார்.

"அக்கா, உனக்கு வாக்குக் கொடுத்தவள் நான் இல்லை. அவள் இப்போது இல்லை. இல்லாத ஒருத்தி கொடுத்த வாக்குக்கு, இருக்கிறவளைப் பிடித்து இழுப்பது நியாயமா? என்னைத் தேடாதே."

 'இல்லாத ஒருத்தி' என்று வரும் அந்த வாக்கியம் இவளுடையது. போன திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு மேஜையைத் தட்டி, வகுப்பே அதிரும்படி இவள் சொன்ன வாக்கியம். ஒரு சொல்கூட மாறவில்லை.

வந்தவர் சொன்னது தடுப்புக்கு மேலாக ஒவ்வொரு துளியாக இந்தப் பக்கம் விழுந்தது. அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. இரண்டு வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தோடு கட்டிப் போட்ட வாழ்க்கை. கூடப் பிறந்த தங்கை, இந்தக் கல்லூரியில் முதுகலை படிப்பவள், தன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். எல்லாப் பரிசோதனையும் பொருந்தி வந்தது. வருகிற வியாழக்கிழமை காலை அறுவைச் சிகிச்சை. சனிக்கிழமை விடிந்து பார்த்தால் பெண்ணைக் காணோம். ஒரு பையும், சார்ஜரும், அவளும் இல்லை. இந்தத் தாள் மட்டும் தலையணைமேல் இருந்தது.

"அவ சின்னப் பொண்ணு இல்ல சார், இருபத்திமூணு வயசு. பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா நானே வேண்டாம்மான்னு சொல்லியிருப்பேன். ஆனா இது அவ பேச்சே இல்ல. யாரோ சொல்லிக்கொடுத்த பேச்சு. யார் சார் சொல்லிக்கொடுத்தது?"

இவள் பேனாவை மூடினாள். எழுந்தாள். தடுப்பைச் சுற்றி ஆறு அடி நடந்தால் போதும். நான்தான் என்று இரண்டே அசை. ஆனால் கால்கள் ஆறடி முன்னால் போகாமல் மூன்றடி பின்னால் போய், புத்தக அலமாரிக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் அவளைக் கொண்டு நிறுத்தின. ஐம்பத்தோரு வயதுப் பெண், இருபத்தாறு வருடச் சேவை, அலமாரி இடுக்கில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

 தடுப்புக்கு அப்பால் துறைத் தலைவரின் குரல், எந்தச் சண்டைக்கும் நடுவில் போய் நிற்கிற, மாணவர்கள் 'சமாதானம்' என்று பட்டப்பெயர் வைத்த அதே குரல், சொன்னது: "எங்க துறையில நடந்த பாடம்தான். பொறுப்பு என்னுது."

அலமாரி இடுக்கில் இவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

*

பயம் என்பது அவளுக்கு வந்து போகிற விருந்தாளி அல்ல. கூடவே பிறந்து, கூடவே வளர்ந்து, கல்யாணத்துக்கும் கூடவே வந்த உடன்பிறப்பு. சின்ன வயதில் வாசல் மணி அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். பெரியவளான பிறகு கட்டிலுக்கு அடியில் போகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். தொலைபேசி, நாய், ரத்தப் பரிசோதனை ஊசி, கல்லூரி முதல்வரின் பச்சை மைக் கையெழுத்து எல்லாவற்றுக்கும் அவளிடம் தனித்தனி நடுக்கம் உண்டு. லிஃப்டில் ஏற மாட்டாள். இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் கணவருக்குத் தொழிலே லிஃப்ட் பழுதுபார்ப்பது. "ஊர்ல இருக்கற லிஃப்டையெல்லாம் நான் மேலயும் கீழயும் ஓட்டிப் பார்க்கறேன். என் பொண்டாட்டி மட்டும் மூச்சு வாங்கப் படியேறுவா. கேக்கறவன் என்ன நினைப்பான், என் வேலை மேல நம்பிக்கை இல்லன்னுதானே?" என்று அவர் முப்பது வருடமாகக் குறைப்பட்டுக்கொள்கிறார்.

இப்படிப்பட்டவள் எப்படி வகுப்பில் நின்று பேசுகிறாள்? அதற்கு ஒரு கதை இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பாடம் எடுக்க நின்றவளுக்குக் குரலே வரவில்லை. வாய் திறக்கிறது, காற்று மட்டும் போகிறது. முன்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். ஓடிவிடலாம் என்று வாசலைப் பார்த்த அந்த நொடியில், என்ன தோன்றியதோ, கோபக்கார வக்கீல் ஒருவன் உள்ளே புகுந்துகொண்டதாக வைத்துக்கொண்டு, தான் மறுக்க வேண்டிய கட்சியை எடுத்துப் பேச ஆரம்பித்தாள். 'உலகமே பொய் என்கிறேன், மறுத்துப் பார்' என்று மேஜையைத் தட்டினாள். குரல் வந்தது. சாதாரணக் குரலா? தாழ்வாரத்தில் போன ரசாயனத் துறைக்காரர் நின்று எட்டிப் பார்க்கிற குரல். அது அவள் குரல் அல்ல, எதிராளியின் குரல். எதிராளிக்கு எதற்குப் பயம்?

அதிலிருந்து துறையில் ஒரு வழக்கம் பிறந்தது. எந்தக் கேள்வியானாலும் திங்கட்கிழமை எதிராளி பேசுவார், புதன்கிழமை பதில் பேசப்படும். மாணவர்கள் நோட்டில் இடது பக்கம் எதிராளிக்கு, வலது பக்கம் பதிலுக்கு. திங்கட்கிழமை பேசுகிறவர் பாதியில் சிரிக்கக் கூடாது, கண் சிமிட்டக் கூடாது, 'இது என் கருத்து இல்லை' என்று நழுவக் கூடாது. எதிராளியை முழு பலத்தோடு நிறுத்தினால்தானே பதிலுக்கு மரியாதை? துறைத் தலைவரும் அப்படித்தான் மத வகுப்பை நடத்தினார். ஆனால் இவள் அளவுக்கு யாராலும் முடியாது. கல்லூரி முழுக்க அவள் 'எதிராளி மேடம்' ஆனாள்.

பதில் சொல்கிற நாளில் மட்டும் கதை வேறு. அன்றைக்கு வக்கீல் வர மாட்டான். அவளே, அவள் குரலில், அவள் நம்புவதைச் சொல்ல வேண்டும். கடைசி பெஞ்சுக்குக் கேட்காது. திங்கட்கிழமை சிங்கம், புதன்கிழமை பூனை என்று யாரோ மேஜையில் செதுக்கியே வைத்திருக்கிறார்கள். பூனையோ சிங்கமோ, இருபத்தாறு வருடத்தில் ஒரு புதன்கிழமை தவறியதில்லை. அதுதான் விதி. பாதி வாதத்தோடு பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

போன புதன்கிழமை தவறியது.

கல்லூரியைப் பார்வையிட மூன்று பேர் கொண்ட குழு வந்திருந்தது. அவள் வகுப்பின் பின்வரிசையில் உட்காருவார்கள் என்று செவ்வாய்க்கிழமை மாலை முதல்வரின் பச்சை மைக் குறிப்பு வந்தது.  திங்கட்கிழமையாக இருந்திருந்தால் சமாளித்திருப்பாள். ஆனால் மூன்று அந்நியர்கள் குறிப்பேடும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருக்க, தன் சொந்தக் குரலில்? காலையில் காய்ச்சல் என்று விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டில் போர்வைக்குள் கிடந்தாள். குழுவைத் துறைத் தலைவர் தன் வகுப்பில் உட்கார வைத்துக்கொண்டார். இன்று காலை, இந்தத் திங்கட்கிழமை வகுப்பில், அவள் அடுத்த பாடத்துக்குத் தாவிவிட்டாள். யாரும் கேட்கவில்லை. இரண்டாவது வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்ததைப் பார்த்து, வருகைப் பதிவேட்டில் கோடு போட்டாள். கோடு போடும்போது மனசில் ஒன்றும் உறுத்தவில்லை என்பதை நினைத்தால்தான் இப்போது அவளுக்கு நடுக்கம் அதிகமானது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. போன திங்கட்கிழமை, நேற்றைய ஆளும் இன்றைய ஆளும் ஒருவர் அல்ல என்று எதிராளி வாதாடி முடித்து மணி அடிக்கும் நேரத்தில், அந்தப் பெண் எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். எப்போதும் நோட்டை விட்டு நிமிராத பெண். "அப்ப போன மாசம் சொன்னதுகூட இன்னிக்குச் செல்லாதா மேடம்?" என்றாள். முகம் வெளுத்திருந்தது. அதைப் பார்த்தும் எதிராளி கண் சிமிட்டவில்லை. விதி. "போன மாசம் என்ன, காலையில சொன்னதே சாயங்காலம் செல்லாது" என்று மேஜையைத் தட்டினாள். வகுப்பு கைதட்டியது.

அந்தப் பெண் கைதட்டவில்லை. எழுதிக்கொண்டிருந்தாள்.

*

வந்தவர் போன பிறகு துறைத் தலைவர் தடுப்பைச் சுற்றி வந்தார். அலமாரி இடுக்கில் நின்றவளைப் பார்த்தார். அங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை. தன் நாற்காலியையே கொண்டுவந்து போட்டு, உட்காருங்கள் என்றார்.

அவர் சொல்லித்தான் மற்றதெல்லாம் தெரிந்தது. பெண் எங்கோ ஒரு தோழி அறையில் இருப்பதாகத் தெரிகிறது, எந்தத் தோழி என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமையை விட்டால் வேறு தேதி எப்போது கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அந்த அக்காவின் உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். 

"எனக்காக எதுக்கு சார் பொய் சொன்னீங்க?" என்றாள்.

"பொய் எங்க? துறைத் தலைவர்னா பொறுப்பு என்னுதுதானே. ஆனா மேடம், பதில் என்கிட்ட இல்ல. நான் மதம். வாக்குக்குக் கட்டுப்படணும்னு எந்தெந்த நூல்ல இருக்குன்னு நாப்பது இடம் காட்டுவேன். அந்தப் பொண்ணு கேட்டது அது இல்ல." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாக்கி உங்களுது."

அன்று மாலை வீட்டில் அவள் ஒரு மணி நேரம் செல்போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். துறைப் பட்டியலில் அந்தப் பெண்ணின் எண் இருந்தது. கூப்பிட விரல் வரவில்லை. எடுத்துவிட்டால் என்ன பேசுவது? எடுக்காமலே போய்விட்டால்? நான்கு முறை செய்தி எழுதி அழித்தாள். முதல் செய்தியில் மன்னிப்பு இருந்தது, இரண்டாவதில் அறிவுரை இருந்தது, மூன்றாவதில் 'உன் அக்காவை நினைத்துப் பார்' என்று இருந்தது, நான்காவதைப் படித்தபோது அவளுக்கே வாந்தி வந்தது. ஐந்தாவதாக ஒரே வரி அனுப்பினாள்.

'புதன்கிழமை வகுப்பு பாக்கி இருக்கிறது.'

செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் உயிர் அந்தச் செல்போன் திரையில் இருந்தது. பதில் வரவில்லை. கல்லூரி வாசலில் யார் வேகமாக நடந்து வந்தாலும் அக்காவின் கணவர்தானோ என்று ஒதுங்கி நின்றாள். முதல்வர் அறையிலிருந்து அலுவலக உதவியாளர் ஒரு தாளோடு வந்தபோது தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டாள். சுண்ணக்கட்டி எத்தனை பெட்டி வேண்டும் என்கிற பட்டியல் அது. பிற்பகலில் மாணவர்களின் நோட்டுகளைத் திருத்த எடுத்தாள். ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பத்து நோட்டிலும் இடது பக்கம் நிறைய எதிராளி, வலது பக்கம் வெள்ளை.

யோசிக்க யோசிக்க பயம் இரண்டாகக் கிளைத்தது. அந்தப் பெண் வரவில்லை என்றால் ஓர் உயிர் போகலாம். சரி, வந்துவிட்டால்? பதிலை நன்றாகச் சொல்லி, அந்தப் பெண் அதைக் கேட்டு அறுவைச் சிகிச்சை மேஜைமேல் போய்ப் படுத்து, அங்கே ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? அதுவும் இவள் வாயிலிருந்து போன வாக்கியம்தானே? ஒரு வாதம் என்பது இதுவரை அவளுக்குக் கரும்பலகையில் எழுதி அழிக்கிற பொருள். அதை எடுத்துக்கொண்டு ஒரு பெண் நேராக நடந்துபோய் ஒரு குடும்பத்தையே நிலைகுலைத்துவிடுவாள் என்று இருபத்தாறு வருடத்தில் ஒருநாளும் தோன்றியதில்லை.

ஐந்தரை மணிக்கு வீட்டு வாசல் மணி அடித்தது.

கட்டிலுக்கு அடியில் போக வேண்டும் போலத்தான் இருந்தது. கணவர் போய்க் கதவைத் திறந்தார்.

"உன் ஸ்டூடண்டாம். உள்ள வாம்மான்னா வரமாட்டேங்குது. முகத்தைப் பார்த்தா சாப்பிட்டு ரெண்டு நாள் ஆன மாதிரி இருக்கு. நான் டீ போடறேன், நீ கூப்பிடு" என்று சமையலறைக்குள் போய்விட்டார்.

அந்தப் பெண் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். தலை வாரவில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம். இவளைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "நான் எங்க இருக்கேன்னு மாமாகிட்ட சொல்லிடாதீங்க மேடம்."

"நீயா சொல்ற வரைக்கும் சொல்ல மாட்டேன். உள்ள வந்து உக்காரு."

உட்கார்ந்தாள். நோட்டைப் பிரித்து மடியில் வைத்தாள். இடது பக்கத் தாள் கிழிபட்டு, ஓரத்தில் பிசிறு மட்டும் நின்றது. எதிரே வலது பக்கம் வெள்ளையாக இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த வாதத்துல ஓட்டை இருக்கா, இல்லையா?"

 முதல் நாள் வகுப்பு மாதிரியே இவளுக்கு வாய் திறந்தது, காற்று மட்டும் வந்தது. வக்கீலைக் கூப்பிட்டுப் பார்த்தாள். வரவில்லை. சமையலறையில் பாத்திரம் ஒன்று கணீர் என்று விழுந்தது, இருவருக்கும் ஒரே நேரத்தில் தூக்கிவாரிப் போட, திரும்பினார்கள். ஒருவர் பயத்தை ஒருவர் பார்த்துவிட்டார்கள்.

அதன் பிறகு பேச முடிந்தது.

"அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். போன புதன்கிழமை எனக்குக் காய்ச்சல் இல்ல. பொய். பின்னாடி மூணு பேர் வந்து உக்காருவாங்கன்னு சொன்னாங்க, பயந்துக்கிட்டு வீட்டுல படுத்துட்டேன். நேத்து உங்க மாமா துறைக்கு வந்தாரு. இதை யார் சொல்லிக்கொடுத்ததுன்னு கேட்டாரு. நான் அலமாரிக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டேன்."

பெண்ணின் வாய் திறந்தபடி நின்றது. "நீங்களா? நீங்க மேஜையத் தட்டினதுல என் பேனா கீழ விழுந்துச்சு மேடம்."

"தட்டினது எதிராளி. நான் இல்ல." சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டாள். "இல்ல. நான்தான். கை என்னோடதுதானே."

பிறகு இவள் நிமிர்ந்து கேட்டாள். "சரி, சொல்லு. உனக்கு எதுக்குப் பயம்?"

பெண் உடைந்துவிட்டாள். மயக்க மருந்து கொடுத்தால் விழிக்காமலே போய்விடுவேனோ என்று பயம் என்றாள். கண்ணை மூடினால் தலைக்கு மேலே அந்தப் பெரிய விளக்குத் தெரிகிறது, வயிற்றில் கத்தி படுவது தெரிகிறது, மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை. வாக்குக் கொடுத்தபோது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் யார் என்றே தெரியவில்லை, அவ்வளவு தைரியசாலி நான் கிடையவே கிடையாது, அன்றைக்கு வகுப்பில் மேடம் பேசியதும் யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது என்று சொல்லி அழுதாள்.

இவள் அவளை அழ விட்டாள். பிறகு மிக மெதுவான குரலில் கேட்டாள். கடைசி பெஞ்சுக்குக் கேட்காத அதே குரல். அங்கே கடைசி பெஞ்சு இல்லை.

"வியாழக்கிழமை அந்த மேஜை மேல படுக்கப் போறது யாரு?"

"நான்தான்."

"நீயா? போன மாசம் வாக்குக் கொடுத்தவ நீ இல்லன்னு எழுதி வச்சிட்டு வந்திருக்க. அவ வேற, நீ வேற. அப்ப நாளன்னிக்குப் படுக்கப் போறவ மட்டும் எப்படி நீயா இருப்பா? அவளும் வேற ஒருத்திதானே? யாரோ ஒருத்தி வயித்துல கத்தி படறதுக்கு நீ ஏன் மூணு வாரமா தூங்காம இருக்க?"

பெண் அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள்.

"அவ்வளவுதான் பதில். இவ்வளவு சின்னதுதான்" என்றாள் இவள். "வர்றவளுக்காக நீ நடுங்கற. அந்த நடுக்கம் இருக்கற வரைக்கும் அவ நீதான். அவ நீன்னா, போனவளும் நீதான். எதிராளி ஒரு பக்கக் கயித்தை அறுத்துட்டு இன்னொரு பக்கத்தை மறந்துட்டாரு. பயம்தான் ஓட்டை."

பெண் நோட்டை எடுத்தாள். பேனா மூடியைப் பல்லால் கழற்றி, வலது பக்கத்தில் இரண்டு வரி எழுதினாள். என்ன எழுதினாள் என்று இவள் எட்டிப் பார்க்கவில்லை. எழுதி முடித்தவள் தலையைத் தூக்கினாள். முகம் முன்னைவிட வெளுத்திருந்தது.

"அப்ப நான் குடுத்தே ஆகணுமா மேடம்?"

இதற்குத்தான் அவள் செவ்வாய்க்கிழமை முழுக்க நடுங்கினாள். ஆம் என்றால் ஒரு பயம், இல்லை என்றால் இன்னொரு பயம். கை தானாக மேஜையைத் தேடியது. தட்டவில்லை. அந்தக் கையைப் பெண்ணின் முழங்கைமேல் வைத்தாள். இரண்டு கையும் நடுங்கியதால் எது யாருடைய நடுக்கம் என்று தெரியவில்லை.

"இல்லம்மா. குடுக்கணும்னு நான் சொல்லவே மாட்டேன். சொல்றதுக்கு எனக்கு உரிமையும் இல்ல. உன் உடம்பு. கடைசி நிமிஷத்துலகூட டாக்டர்கிட்ட வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலாம், யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனா முடியாதுன்னா, அக்காவோட முகத்தைப் பார்த்து, நான் சொன்னேன், எனக்கு முடியலன்னு நீயே போய்ச் சொல்லு. இல்லாத ஒருத்தி மேல போட்டுட்டு ஓடாத. நானும் அப்படித்தான் ஓடிக்கிட்டு இருந்தேன்."

கணவர் டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டு முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு போவது அபூர்வம்.

டீ ஆறியது. பெண் பையிலிருந்து செல்போனை எடுத்தாள். மூன்று நாளாக அணைத்து வைத்திருந்ததை நேற்று இரவு ஒரு நிமிடம் திறந்தபோதுதான் அந்த ஒரு வரிச் செய்தியைப் பார்த்ததாக முன்பே சொல்லியிருந்தாள். இப்போது மறுபடி திறந்ததும் கட்டை விரல் திரைமேல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.  பிறகு அழுத்தினாள்.

மறுமுனையில் இரண்டாவது மணிக்கே எடுத்துவிட்டார்கள். அந்த அமைதியான அறையில் மெலிந்த ஒரு பெண்குரல் தெளிவாகக் கேட்டது. பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "எங்கடி இருக்க?" என்று மட்டும் கேட்டது.

"அக்கா." பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "நான்தான். உனக்குத் தரேன்னு கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னேனே, அவதான் பேசறேன். அந்த லெட்டரைக் கிழிச்சுப் போட்டுடு." போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "பயமா இருக்குக்கா. ரொம்பப் பயமா இருக்கு."

  அந்த மெலிந்த குரல் சொன்னது: "எனக்கும்தான்டி. வந்து பக்கத்துல உக்காரு. தரவேண்டாம்னு தோணினா தரவேண்டாம். ஆனா வா. தனியாப் பயப்பட முடியல."

பெண் போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஆறிப்போன டீயை நின்றபடியே ஒரே மடக்கில் குடித்தாள், பிஸ்கட் இரண்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்தபோதுதான் இவளுக்குக் கண் கலங்கியது. நோட்டைப் பைக்குள் வைக்கப் போனவள், ஏதோ நினைத்து, கிழிந்த பிசிறை விரலால் நீவிவிட்டு மூடினாள்.

வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"வியாழக்கிழமை காலைல ஆறு மணிக்கு என்னை உள்ள கூட்டிட்டுப் போவாங்க. போறதுன்னுதான் இருக்கேன். அந்தக் கதவுகிட்ட வந்ததும் எனக்குக் கால் நிக்குமான்னு தெரியல. நீங்க வருவீங்களா மேடம்?"

ஆஸ்பத்திரி. ஊசி, மருந்து வாசனை. அக்காவின் கணவர் அங்கே இருப்பார், அவரிடம் நான்தான் என்று சொல்ல வேண்டியிருக்கும். அவள் அடிவயிற்றில் பழைய உடன்பிறப்பு எழுந்து உட்கார்ந்தது.

"எத்தனாவது மாடி?"

"ஏழு."

சமையலறையிலிருந்து கணவர் குரல் கொடுத்தார். "அந்த ஆஸ்பத்திரி லிஃப்டை நான் போன வாரம்தான் பார்த்துட்டு வந்தேன். நல்லாத்தான் இருக்கு."

பெண்ணின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

"வரேன்" என்றாள் இவள். சின்னக் குரல்தான். பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது. ஆனால் அது எதிராளியின் குரல் அல்ல என்பது இருவருக்கும் தெரிந்தது. வியாழக்கிழமை காலை எழுந்து, சொன்னவள் வேறொருத்தி என்று போர்வைக்குள் போக இனி வழியே இல்லை. அந்த வழியை அவளே இப்போதுதான் அடைத்திருந்தாள்.

பெண் தலையசைத்தாள். படிகளில் இறங்கினாள். முதல் வளைவில் ஒரு நொடி நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள், பிறகு தொடர்ந்து இறங்கினாள். காலடி ஓசை கீழே தெருவில் கரைகிற வரை இவள் வாசலிலேயே நின்று கேட்டாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்து, நடுக்கத்தோடு கதவைச் சாத்தினாள்.